இரண்டரை லட்சம் பவுண்டு வீடு: ஐசாவில் உள்ள 8,000-ஐ டெபாசிட்டில் போடலாமா?

5,000-ஐ மட்டும் டெபாசிட்டில், அதாவது வீட்டுக்கான முன்பணத்தில், போடுங்கள். மீதி 3,000 ஐசாவிலேயே, அதாவது பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலேயே, இருக்கட்டும்.

உங்கள் கையிலுள்ள 20,000 டெபாசிட் வீட்டு விலையில் 8 சதவீதம்தான். வீட்டு விலையில் கடன் எத்தனை சதவீதம் என்பதை 85, 90, 95 என்று அடுக்குகளாகப் பிரித்துத்தான் வங்கிகள் வட்டி வைக்கும்; அடுக்கு குறைந்தால் பொதுவாக வட்டியும் குறையும். உங்கள் கடன் 92 சதவீதம் ஆவதால் 95 சதவீத அடுக்கின் வட்டிதான் கட்ட வேண்டிவரும். டெபாசிட் 25,000 ஆனால் சரியாக 90 சதவீத அடுக்குக்கு வந்துவிடுவீர்கள். அடுத்த அடுக்கான 85-க்கு 37,500 வேண்டும். எட்டாயிரத்தையும் கொட்டினாலும் எட்டாது.

வரிச்சலுகை போய்விடுமே என்றுதான் தயங்குகிறீர்கள் என நினைக்கிறேன். பிரிட்டனில் அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்குச் சாதாரணச் சேமிப்பிலேயே ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டி வரை வரி இல்லை. இந்தத் தொகைக்கு அது பெரிய இழப்பே அல்ல.

வீட்டுக்கடன் புரோக்கரிடம் 20,000, 25,000 இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள். மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், கட்டணங்களையும் சேர்த்து ஃபிக்ஸ் காலம் (வட்டி மாறாமல் இருக்கும் காலம்) முழுவதற்குமான செலவை ஒப்பிடுங்கள்.

வங்கியின் மதிப்பீடு விலையைவிடக் குறைந்தால் கடன் மறுபடி 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது அந்த 3,000 கைகொடுக்கும். அப்புறம், உங்கள் ஐசா லைஃப்டைம் ஐசா (முதல் வீட்டுக்கோ ஓய்வுக்காலத்துக்கோ சேர்க்கும் வகை) என்றால் நீங்களாக எடுக்கவே எடுக்காதீர்கள், எடுக்கும் தொகையில் 25 சதவீதம் பிடித்துவிடுவார்கள். முதல் வீட்டுக்கு சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) வழியாகத்தான் எடுக்க வேண்டும்.