மருந்துச்சீட்டில் ‘ஸ்டீரியோடாக்டிக்’ என்றிருந்தால்: கேள்வி பதில்

காரைக்குடி வாசகி: அப்பத்தாவுக்குத் தலையில் கட்டி. மதுரையில் ‘ஸ்டீரியோடாக்டிக் பயாப்சி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மண்டையைத் திறப்பார்களா சார்?

திறக்க மாட்டார்கள் அம்மா. சிறு துளை ஒன்று போட்டு, அதன் வழியே மெல்லிய ஊசியை இறக்கிக் கட்டியில் துணுக்கு எடுப்பார்கள். உடம்புக்குள் ஒரு புள்ளியை மூன்று அளவுகளால் மில்லிமீட்டர் கணக்கில் குறித்து, அங்கே போய்ச் சேரும் எந்த முறைக்கும் ‘ஸ்டீரியோடாக்டிக்’ என்ற சொல் பொருந்தும்.

பெரும்பாலும் தலையில் உலோகச் சட்டம் மாட்டுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு திருகுமுனைகளால் மண்டையோட்டில் இறுக்குவார்கள். அதோடு சி.டி. எடுத்தால் சட்டத்தின் கோடுகள் படத்தில் புள்ளிகளாக விழும். அவற்றை வைத்துக் கட்டிக்கு மூன்று எண்கள் கணக்கிடுவார்கள். லெக்செல் என்ற வகைச் சட்டத்தில் நடுமையத்துக்கு அந்த மூன்று எண்கள் 100, 100, 100. படம் எடுத்தபின் சட்டம் நகர்ந்தால் அத்தனை எண்களும் வீண், மறுபடி படம்தான். எம்.ஆர்.ஐ. படம் லேசாகக் கோணும் என்பதால் சி.டி.யோடு பொருத்திப் பார்ப்பதும் உண்டு. துளை வழியே மூளைநீர் வடிந்தால் மூளையே சற்று நகர்ந்து குறி தப்பலாம்.

அப்பத்தா ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுகிறார்களா? இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த ஊசியில் பயப்பட வேண்டியது ரத்தக்கசிவுதான்.

தேவகோட்டை: காமா நைஃப் என்கிறார்களே, கத்தி வைப்பார்களா?

கத்தியே கிடையாது. தலைக்குள் குறிவைத்துச் செய்யும் கதிர்வீச்சு சிகிச்சை அது. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் கதிர்கள் ஏறத்தாழ 200 திசைகளிலிருந்து ஒரே புள்ளியில் கூடும். ஒவ்வொரு கதிரும் பலவீனம், கூடுமிடத்தில்தான் வீரியம். 1968இல் ஸ்டாக்ஹோமில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள்.

பள்ளத்தூர்: மாமாவுக்கு நுரையீரல் கட்டி. அங்கேயும் அதே சொல் எழுதியிருக்கிறதே?

அது கதிர்வீச்சு. வழக்கமாக வாரக்கணக்கில் கொடுப்பதை, பெரிய அளவாகச் சில அமர்வுகளில் முடிப்பார்கள். மூச்சு விடும்போது கட்டி ஏறி இறங்குமே, அதுதான் சிக்கல். மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சி.டி. எடுத்து, கட்டி போய்வரும் தூரம் முழுவதையும் எல்லைக்குள் சேர்ப்பார்கள். மாமாவை மல்லாந்து, கைகளை மேலே தூக்கி அசையாமல் படுத்துப் பழகச் சொல்லுங்கள். தோள்வலி இருந்தால் திட்டமிடும் நாளிலேயே சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தான்: இவ்வளவு துல்லியம் என்றால் முடிவு தப்பாதுதானே?

தப்பலாம். அந்தச் சொல் இடத்துக்குத்தான் உறுதி சொல்கிறது, நோய்க்கு அல்ல. கட்டியின் நடுவில் செத்த திசு இருந்தால் ஊசி சரியாகப் போயும் பயாப்சி ஒன்றும் சொல்லாது. எடுத்த துணுக்கை உறையவைத்து நுண்ணோக்கியில் உடனே பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். போதாதென்றால் அதே மேசையில் இன்னொன்று எடுத்துவிடலாம்.