பழைய '50 திர்ஹாம்' நாணயம்: ஆயிரம் ரூபாயா, அரை ரியாலா?

கேள்வி: எழுபதுகளின் தொடக்கத்தில் துபாயில் வேலை பார்த்த அப்பாவின் பெட்டியில் மான் உருவம் போட்ட '50 திர்ஹாம்' நாணயங்கள் 12 இருக்கின்றன. ஒரு திர்ஹாம் 20 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்குப் போகும் என்கிறார் ஒருவர். விற்றுத் தர 2,500 ரூபாய் 'பதிவுக் கட்டணம்' கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த நாணயம் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே அரை ரியால்தான்.

அது ஐக்கிய அரபு அமீரகத்தின் நாணயமே அல்ல; அதற்கு முன்பு கத்தாரும் துபாயும் கூட்டாக வெளியிட்டது. வளைகுடாவில் முன்பு ஓடியது நம் ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிக்கென்றே வெளியிட்ட ரூபாய். 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனதும் அபுதாபி, கத்தார், துபாய் ஆகியவை ரூபாயைக் கைவிட்டன. அபுதாபி பஹ்ரைன் தினாருக்கு மாறியது. கத்தாரும் துபாயும் கூட்டாக நாணய வாரியம் அமைத்து ரியால் வெளியிட்டன. 1971 டிசம்பர் 2 அன்று அமீரகம் உருவானபோது ஒரே நாட்டுக்குள் இரண்டு பணம் ஓடிக்கொண்டிருந்தது. பொதுப் பணமான திர்ஹாம் 1973 மே 19 அன்றுதான் வந்தது. ஒரு கத்தார்-துபாய் ரியாலுக்கு 1 திர்ஹாம், ஒரு பஹ்ரைன் தினாருக்கு 10 திர்ஹாம் என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

குழப்பம் பெயரில் இருக்கிறது. கத்தார்-துபாய் கணக்கில் ஒரு ரியாலுக்கு 100 திர்ஹாம். அதாவது திர்ஹாம் என்பது சில்லறை, நம் பைசா மாதிரி. அமீரகம் அதே பெயரை முழுப் பணத்துக்கு வைத்து, சில்லறையை ஃபில்ஸ் ஆக்கியது. ஆகவே பழைய 50 திர்ஹாம், புதிய 50 ஃபில்ஸுக்குச் சமம். உங்கள் 12 நாணயமும் சேர்ந்தால் அன்றைக்கு 6 திர்ஹாம். பஹ்ரைனில் ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ் என்பதால், அதே பெட்டியில் பஹ்ரைன் 100 ஃபில்ஸ் ஒன்று கிடந்தால் அது மட்டுமே 1 திர்ஹாம். உங்கள் '50 திர்ஹாம்' இரண்டுக்குச் சமம். நாணயத்தில் எந்த நாட்டுப் பெயர் என்று பார்க்காமல் இன்றைய விலையால் பெருக்கவே கூடாது.

மானை அடையாளமாக நம்பாதீர்கள். அமீரகத்தின் 25 ஃபில்ஸிலும் மான் உண்டு. அமீரகத்தின் 1 திர்ஹாமில் இருப்பது காப்பிக் கூஜா. 1973-இல் வந்தது 28.5 மி.மீ. அகலம், 1995-இல் 24 மி.மீ. ஆகச் சுருக்கினார்கள். அரபு எண்ணில் 5 என்பது சிறு வட்டம் போலவும், பூஜ்யம் வெறும் புள்ளியாகவும் இருக்கும். பலர் வட்டத்தைப் பூஜ்யம் என்று படித்துவிடுகிறார்கள்.

கத்தார்-துபாய் வாரியம் 1973-இலேயே முடிந்துபோனது. இனி சேகரிப்பாளர் தரும் விலைதான் விலை, அதுவும் நாணயத்தின் நிலையைப் பொறுத்தது. புளி போட்டுத் தேய்த்தால் அந்த விலையும் போய்விடும்.

வங்கிக்குப் போனால் "வெளிநாட்டுச் சில்லறை எடுப்பதில்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். கையில் இருப்பது என்ன பணம் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை. அந்த இடத்தில்தான் தரகர் கடை விரிக்கிறார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி கேட்பதும் இவர்கள்தான். அப்படி யாருக்கும் அனுமதி தரவில்லை என்று 2021-லேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. "வைத்திருந்தால் கேஸ் வரும்" என்று மிரட்டினாலும் பயப்படாதீர்கள். வெளிநாட்டு நாணயங்களை வைத்திருக்க நம் அந்நியச் செலாவணி விதிகளில் உச்சவரம்பே கிடையாது.

பெட்டியின் அடியையும் ஒருமுறை பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகச் சிவப்பாக ஒரு 10 ரூபாய் நோட்டோ, பச்சையாக ஒரு 100 ரூபாய் நோட்டோ இருந்து, வரிசை எண் 'இசட்' எழுத்தில் தொடங்கினால் அது வளைகுடா ரூபாய். சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான். மடிக்காமல், ஒட்டாமல், தனி உறையில் வையுங்கள். அந்தத் தரகரிடம் காட்டவே வேண்டாம்.