போட்டோ ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம்

கேள்வி: அண்ணா, சங்கரன்கோவில்ல சின்னதா ஒரு டிடிபி சென்டர் வச்சிருக்கேன். ஒரு ஸ்கூல் ஆண்டு மலர் வேலை வந்திருக்கு, 64 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. ப்ரூஃப் திருத்தம் வந்து மேட்டர் கூடும்போதெல்லாம் போட்டோவ தள்ளி வைக்கறேன், கீழ அடிச்ச பேரு மட்டும் பழைய இடத்துலயே நின்னுடுது. போட்டோஷாப்லயே பேர அடிச்சு ஒரே ஜேபெக்கா ஆக்கி வச்சுடுன்னு ஃப்ரெண்டு சொல்றார். செய்யலாமா?

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. ஜேபெக் ஆக்கினதும் எழுத்து எழுத்தா இருக்காது, புள்ளி புள்ளியா படமாயிடும். 8 பாயின்ட்ல அடிச்ச ணகரத்தோட சுழியெல்லாம் பிரிண்ட்ல அடைச்சுக்கும். போட்டோவ கொஞ்சம் சுருக்கினா பேரும் சேந்து சுருங்கும், ஒரு இன்ஷியல் மாத்தணும்னாலும் திரும்ப போட்டோஷாப்ப திறக்கணும்.

இந்தப் பேரு விஷயத்துல நான் ஒரு தடவை நல்லா அடிபட்டிருக்கேன். ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், உபயதாரர் போட்டோ பக்கம் ஒண்ணுக்கு எட்டு. கடைசி நேரத்துல புதுசா ஒரு போட்டோ வந்துச்சு, இருந்த போட்டோவ ஒவ்வொண்ணா ஒரு கட்டம் தள்ளினேன், பேருங்கள தள்ளல. 1000 காப்பி அடிச்சாச்சு. மறுநாள் வயசான ஒருத்தர் புக்கோட வந்து, ஒரு போட்டோ மேல விரல வச்சு "தம்பி, இவர் எங்க தம்பி இல்லயேப்பா" அப்டின்னார். அந்தத் தம்பி இறந்து மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நாலு பேர் உக்காந்து 1000 காப்பியிலயும் சரியான பேரு அடிச்ச துண்டுச்சீட்டு எட்டெட்டு ஒட்டினோம். போட்டோவும் பேரும் பிரியக்கூடாதுன்னு அன்னிக்கு மனசுல பதிஞ்சது இன்னும் போகல.

இப்ப வழிய சொல்றேன். போட்டோ ஃபிரேமையும் (அது இருக்கற கட்டம்) பேரு ஃபிரேமையும் ஷிஃப்ட் அழுத்தி ரெண்டையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஜி குடுங்க, ஒரே குரூப் ஆயிடும். பக்கம் அமைக்கற சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர், இன்டிசைன் ரெண்டுலயும் இதே கன்ட்ரோல் ஜிதான். இன்டிசைன் வச்சிருந்தீங்கன்னா இன்னும் ஒரு படி போலாம், அந்த குரூப்ப கன்ட்ரோல் எக்ஸ் குடுத்து வெட்டி, டெக்ஸ்ட் டூல எடுத்து மேட்டர்ல அந்தப் பத்தி முடியற எடத்துல கிளிக் பண்ணி ஒட்டுங்க. இனிமே மேட்டர் கீழ இறங்கினா போட்டோவும் பேரும் அதுகூடவே இறங்கும், நீங்க கையால தள்ளவே வேணாம்.

போட்டோ நிறைய இருந்தா பேர ஒவ்வொண்ணா அடிக்கறதும் தப்புக்கு இடம்தான். மொதல்ல ஃபைலுக்கே அந்தந்த ஆளோட பேர தமிழ்ல வச்சிடுங்க, அப்புறம் இன்டிசைன்ல ஆப்ஜெக்ட் மெனுல கேப்ஷன்ஸ், அதுல கேப்ஷன் செட்டப் போய் நேம்னு குடுத்துட்டு ஜெனரேட் ஸ்டாட்டிக் கேப்ஷன் போடுங்க, ஃபைல் பேரு அப்டியே போட்டோ கீழ வந்து நிக்கும். கூடவே வர்ற டாட் ஜேபிஜிய ஃபைண்ட் சேஞ்ச்ல மொத்தமா எடுத்துடலாம்.

இன்னும் ரெண்டு இடத்துல மாட்டுவீங்க. போட்டோவுக்கு டெக்ஸ்ட் ராப் (படத்த சுத்தி எழுத்து ஒதுங்கற வசதி) குடுத்திருந்தா பக்கத்துல இருக்கற பேரையும் அது தள்ளி விட்டுடும், ஃபிரேம்ல சிவப்பு பிளஸ் மட்டும் தெரியும், பேர காணோம். அந்த ஃபிரேம்ல கன்ட்ரோல் பி (B) அழுத்தி இக்னோர் டெக்ஸ்ட் ராப் டிக் பண்ணுங்க. அடுத்தது, மேட்டர் எல்லாம் யூனிகோட்ல சரியா இருக்கும், கேப்ஷன்ல மட்டும் கொம்பு இடம் மாறி நிக்கும். அது ஃபான்ட் கோளாறு இல்ல, கேப்ஷனுக்குப் போன ஸ்டைல்ல வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர் (தமிழ் எழுத்த சரியா கோக்கற செட்டிங்) இல்ல, அவ்ளோதான். கேப்ஷனுக்குன்னு தனியா ஒரு பாராகிராஃப் ஸ்டைல் வச்சு ஜஸ்டிஃபிகேஷன்ல அத செலக்ட் பண்ணிட்டா மொத்தமா சரியாயிடும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு அறிவியல் கைடு போடறோம், தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டுக்கும். பூவோட பாகம், கண்ணோட பாகம்னு படம் ஒண்ணுதான், குறிக்கற பேரு மட்டும் வேற. ரெண்டு செட் படம் வரையணுமா? (விருதுநகர் வாசகி)

பதில்: ஒரே செட் போதும்மா. எழுத்து இல்லாத படமா வரைஞ்சு வாங்குங்க. இன்டிசைன்ல மூணு லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா வச்ச கண்ணாடித்தாள் மாதிரி) போடுங்க: அடியில படமும் குறிக்கற கோடும், அதுக்கு மேல தமிழ்ப் பேரு, அதுக்கும் மேல இங்கிலீஷ் பேரு. தமிழ் புக்குக்கு பிடிஎஃப் எடுக்கும்போது இங்கிலீஷ் லேயர் பக்கத்துல இருக்கற கண் குறிய கிளிக் பண்ணி மறைச்சிடுங்க, இங்கிலீஷ் புக்குக்கு தமிழ் லேயர மறைச்சிடுங்க. "மகரந்தத்தூள்"னு அடிச்சா நீளும், "Pollen"னு இங்கிலீஷ்ல அடிச்சா குட்டியா போயிடும், அதனால கோட்டோட நுனிய தமிழ்ப் பேரு நீளத்துக்கு இடம் விட்டு வைங்க.

ஆனா மேல மொத கேள்விக்கு சொன்ன குரூப் இங்க வேண்டாம். வேற வேற லேயர்ல இருக்கறத குரூப் பண்ணினா எல்லாம் மேல் லேயருக்கு ஏறிடும், உழைச்சதெல்லாம் வீணாயிடும். படம் நகராம இருக்க பட லேயர பூட்டி வச்சிடுங்க.

கேள்வி: படத்து மேல போட்ட கருப்பு எழுத்து அச்சுல நிழல் விழுந்த மாதிரி வருது, ஏன்? (கரூர் வாசகர்)

பதில்: உங்க கருப்புல நாலு கலரும் கலந்திருக்கு. கலருக்கு ஒண்ணா இருக்கற நாலு அச்சு பிளேட்டும் மயிரிழை தப்பினாலும் எழுத்து ரெட்டையா தெரியும். கலர் பேனல்ல பாருங்க, பிளாக் 100, மத்த மூணும் சைபர். இன்டிசைன்ல ஸ்வாட்ச்ல முன்னாடியே இருக்கற பிளாக்க எடுத்தா அது படத்து மேல ஓவர்பிரிண்ட்டும் ஆகும் (அடியில இருக்கற கலர வெட்டாம அதுக்கு மேலயே அச்சாகும்), ஓரத்துல வெள்ளைக்கோடு தெரியாது.