‘லெஃப்ட்’ என்றால் மீதியா, இடதுபக்கமா?

பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்க, போன வாரம் மதுரை முனிச்சாலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர், அம்மா வீட்டிலேயே முடிச்சுப் போடுகிறார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மூத்தவள் இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. இளையவனை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். “இவனையாவது பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளியில் போடு” என்று பெங்களூரு அத்தை தினமும் போன் போடுகிறாராம்.

மூத்தவளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு மாம்பழத்தில் ஐந்தைக் கொடுத்துவிட்டால் ‘ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?’ பதினேழு என்று எழுதியிருந்தாள். “லெஃப்ட்டுன்னா என்ன பாப்பா?” என்றேன். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “சரி, மீதி எத்தனை இருக்கும்?” கேட்டு முடிப்பதற்குள் “ஏழு” என்றாள்.

“தமிழும் எங்களுக்குத் தாய்மொழி இல்லையே சார். எப்படியும் வேற மொழிதான், அது இங்கிலீஷாவே இருக்கட்டுமே” என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ் அந்தப் பிள்ளைக்குத் தெருவில், பெட்டிக்கடையில், ஷேர் ஆட்டோவில் சும்மாவே கிடைக்கிறது. இங்கிலீஷ் கரும்பலகையில் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தமிழில் விளக்கிச் சொல்லத்தான் ட்யூஷன் டீச்சருக்கு மாதம் 800 ரூபாய் கொடுக்கிறார்கள்!

அதற்கு மேல் நான் ஆறுதல் சொல்லவில்லை, பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அத்தை சொன்ன பள்ளியில் ஃபீஸ், வேன், ட்யூஷன் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000. ஃபீஸ் ஏறவே ஏறாது என்று வைத்தாலும் பன்னிரண்டு ஆண்டுக்கு 8,40,000. முதல் தவணைக்கே அம்மாவின் வளையல் அடகுக்குப் போவதாக இருந்தது. கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். நகையை வைத்துக் கட்டுகிற ஃபீஸ் ஒரு வருடத்தோடு நிற்காது.

இவர்கள் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது: அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் மீடியம். மதுரையில் இப்படிப்பட்ட பழைய பள்ளிகள் நிறைய. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது, அதனால் வருடா வருடம் டீச்சர் மாறுகிற தொல்லை குறைவு. ஒன்று மட்டும் கவனம். ஒரே காம்பவுண்டுக்குள் சுயநிதி இங்கிலீஷ் மீடியமும் நடக்கும். அட்மிஷன் மேசையில் ‘இது எய்டட் பிரிவா, சுயநிதியா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரசீதிலும் பாருங்கள்.

பையன் அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்தால், 2010 சட்டத்தின்படி மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20% முன்னுரிமைக்கு வழி இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழில் என்றால் செல்லாது, பள்ளியிலிருந்தே தொடர்ச்சி வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4 வேலைகளுக்கு பத்து வரை தமிழ்வழி போதும், பிளஸ் ஒன்னில் மாறிக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. தேறி உதவித்தொகை கிடைத்தால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000. தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதை எழுதவே முடியாது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை எய்டட் தமிழ்வழியில் படித்தவன் கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000.

மூத்தவளுக்கு ஒன்றாம் வகுப்பே இங்கிலீஷில் போய்விட்டதால் அந்த 20% கிடையாது. ஆனாலும் மூன்றாம் வகுப்புக்கே மாற்றச் சொன்னேன். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அங்கேயே தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும் அந்த 1,000 உண்டு.

இங்கிலீஷ் வராதே என்று பயப்பட வேண்டாம், ஒன்றாம் வகுப்பிலிருந்தே அது அங்கேயும் ஒரு பாடம். ட்யூஷன் காசில் கதைப் புத்தகம் வாங்கி, தினமும் அரை மணி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மாற்றலாகி ஊர் ஊராகப் போகிற குடும்பத்துக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். முனிச்சாலையை விட்டு நகராதவர்களுக்கு இதுதான்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை போற ஸ்கூலா?” என்று பெரியவள் கேட்டாள். ஆமாம் என்றதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பாதான் வாசலில் நின்று, “அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சார்” என்றார். கேளுங்கள், வருடம் 70,000-ல் பாதியை அவர் தருவாரா என்றும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.