கிராமத்து வங்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெல்டாவில் ஒரு கிராமக் கிளைக்கு முதன்முறை மேலாளராகப் போகிறேன். நெல்தான் பிரதானம். ஊருக்கு உருப்படியாக எதையாவது செய்ய நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

கிசான் கிரெடிட் கார்டு, அதாவது விவசாயிகளுக்கான பயிர்க்கடன் அட்டைக் கணக்குகளின் கெடு தேதிகளிலிருந்து தொடங்குங்கள். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம்தான். ஒரு லட்சம் வாங்கியவர் கெடு தவறினால் வருடத்துக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். புதுக்கடன் இலக்கைத் துரத்துவதைவிட இந்தச் சலுகை யாருக்கும் கைநழுவாமல் பார்த்துக்கொண்டாலே ஊரில் நிறையப் பணம் மிஞ்சும்.

சம்பா அறுவடை தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்ட பிறகு பணம் கணக்கில் ஏறவும் சில நாள் ஆகும். அதற்கு முன்பே கெடு வந்துவிட்டால், விவசாயி வட்டிக்காரரிடம் இரண்டு நாள் கைமாற்று வாங்கிக் கடனை அடைத்து, மறுபடி எடுத்து, அவருக்குக் கமிஷனும் கொடுக்கிறார். மிச்சப்பட வேண்டிய 3,000 ரூபாயில் பெரும்பங்கு அங்கே போய்விடுகிறது. ஆகவே கடன் கொடுக்கும்போதே விற்பனை முடிந்தபின் வருகிற மாதிரி கெடுவை வையுங்கள். சலுகை அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத்தான் என்பதால் அந்த எல்லையைத் தாண்டக்கூடாது.

மாதாமாதம், அடுத்த 45 நாளில் கெடு வரும் கணக்குகளைக் கணினியில் எடுத்து ஊர்வாரியாகப் பிரியுங்கள். தொலைபேசியில் நேரடியாகச் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியலைச் சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். கார்டுக் கணக்கு வரவு செலவுக் கணக்குதான், மொத்தமாகக் கட்டவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, பால் பணம் வந்தாலும் போடலாம், போட்ட நாளிலிருந்து வட்டி குறையும் என்பதையும் சொல்லுங்கள். பலருக்கும் இது தெரியாது.

கடன் வரம்பையும் சரியாகப் போடுங்கள். ஏக்கருக்கு நிர்ணயித்த தொகை 35,000 என்று வைத்தால் 2 ஏக்கருக்கு 70,000. அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்தால் 91,000. காப்பீட்டுப் பிரீமியம் தனி. அடுத்தடுத்த வருடங்களுக்கு 10 சதவீதம் ஏற்றமும் உண்டு. இந்தக் கூடுதல்களை விட்டுவிட்டு 70,000 மட்டும் கொடுத்தால் மீதிக்கு அவர் அடகுக் கடைக்குத்தான் போவார்.

வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்கிறேன். பட்டா நில உரிமையாளர் பெயரில். எனக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

கிடைக்கும். வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் பங்குச் சாகுபடி செய்பவருக்கும் கிசான் கார்டு உண்டு. நீங்கள் அங்கே பயிர் செய்வதாக உள்ளூர் நிர்வாகமோ ஊராட்சியோ தரும் சான்று போதும். அதுவும் கிடைக்காவிட்டால், எந்த நிலம், என்ன பயிர் என்று நீங்களே எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்து 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதைவிடத் தோதான வழி, உங்களைப் போன்ற 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப்பொறுப்புக் குழு அமைப்பது. ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் அண்ணன் தம்பிகளையே சேர்க்காமல், ஒருவர் நிலத்தை ஒருவர் அறிந்தவர்களாகச் சேருங்கள்.

எங்கள் மகளிர் குழுவுக்குக் கடன் தர, சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தை எடுக்கக்கூடாது என்கிறார்கள். சரியா?
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

சரியில்லை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழு என்றால் 10 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக்கூடாது, சேமிப்பையும் முடக்கக்கூடாது. மேலாளரிடம் இதை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். உதவி எண் 14448.

கடனுக்கு ஆறு மாதம் நடந்த குழுவாக இருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். உங்கள் நோட்டுகளின்படிதான் எண்ணுவார்கள். அதனால் தீர்மான நோட்டு, உள்கடன் (குழு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடன்) நோட்டு, கையிருப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் பிசகுவது உள்கடன் வட்டியில்: வசூலித்திருப்பார்கள், எழுதியிருக்க மாட்டார்கள். முதல் கடன் குழு நிதியைப் போல 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. எழுதாத வட்டி குழு நிதியில் சேராது. நிதி 30,000 என்பது 26,000 என்று நின்றால் கடன் 1.8 லட்சத்திலிருந்து 1.56 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் போட்டாச்சு என்கிறார்கள். பாஸ்புக்கில் இல்லை.
- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

வீட்டில் வேறு பாஸ்புக் இருந்தால் அதைப் பதிந்து பாருங்கள். ஆதார் வழி வரும் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்கே போகும். வேறெங்காவது புதுக் கணக்குத் தொடங்கும்போது சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பணம் அங்கே திரும்பியிருக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பது மட்டும் இணைப்பு ஆகாது; உங்களுக்கு வேண்டிய கிளையில் இணைப்புச் சம்மதப் படிவம் தனியாகக் கொடுங்கள். கணக்கு இரண்டு வருடம் அசைவில்லாமல் கிடந்திருந்தால் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்து உயிர்ப்பியுங்கள்; அதற்குக் கட்டணம் கிடையாது.