முதலாண்டோடு நிற்பவர் கையில் என்ன மிஞ்சும்?

ஐயா,

நான்காண்டுப் பட்டப்படிப்பு நடக்கும் கல்லூரியில் கற்பிக்கிறேன். தேசியக் கல்விக் கொள்கை வந்தபின், வீட்டுக் கஷ்டத்தால் நின்றுவிடும் பிள்ளைகள் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை, ஓராண்டு படித்தாலே சான்றிதழ் உண்டு என்கிறது நிர்வாகம். இடைநிற்றலுக்கு வைத்த அழகான பெயர்தான் இது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். யார் சொல்வது சரி? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள வாசகருக்கு,

அந்தச் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதலாண்டோடு வெளியேற 40 கிரெடிட் வேண்டும் (கிரெடிட் என்பது பாடத்துக்குச் செலவிடும் நேரத்தை வைத்துத் தரும் அலகு). அதோடு கோடை விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்பாடம். நான்கு கிரெடிட் தாள் ஒன்றில் அரியர் விழுந்தால் கையில் இருப்பது 36, சான்றிதழ் இல்லை. செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். ஆக, அந்தத் தொழிற்பாடம் 120 மணி நேரம் வரை இழுக்கும். பணமில்லாமல் படிப்பை நிறுத்துகிற பிள்ளை கூலிக்குப் போக நினைக்கும் அதே கோடையில்! இந்த விதியை எழுதியவர்கள் அப்படியொரு பிள்ளையை மனதில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

பெரும்பாலும் வறுமை ஆண்டு முடியும்வரை பொறுத்திருப்பதில்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள், விடுதிப் பாக்கி என்று பருவத்தின் நடுவிலேயே கழுத்தைப் பிடிக்கும். அங்கே வெளியேறும் வாசல் எதுவும் வைக்கப்படவில்லை. எனவே உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதும் பாதிதான் சரி: நிஜமாக இடைநிற்பவருக்கு அந்த அழகான பெயர்கூடக் கிடைப்பதில்லை.

உங்களால் செய்யக்கூடியது உதவித்தொகை விஷயத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குமேல் படிப்பவர்களுக்கான மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை ஆதார் வழியாக வருகிறது. விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குத்தான் வரும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குப் போகும். எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் கிடக்கும், அல்லது கணக்கு முடங்கியிருந்தால் திரும்பிப் போய்விடும். சேர்ந்த முதல் மாதமே ஒவ்வொருவரையும் இந்த இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறன் மாணவர்களிடமும் அப்போதே கேளுங்கள்: தேர்வை எழுதித்தர ஆள் வேண்டுமா, தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் வேண்டுமா என்று. ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடினால் சான்றுகளில் கையெழுத்து வாங்கவே நாள் போய்விடும்.

நின்றே ஆகவேண்டும் என்கிற பிள்ளையிடம் இரண்டு கெடுகளைச் சொல்லி அனுப்புங்கள். சான்றிதழோடு வெளியேறினால் மூன்றாண்டுக்குள் திரும்பிச் சேரவேண்டும். பட்டத்தை மொத்தம் ஏழாண்டுக்குள் முடிக்கவேண்டும். அதற்குமுன் உங்கள் முன்னால் உட்காரவைத்து கிரெடிட் வங்கிக் கணக்கை, அதாவது பெற்ற கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் இணையக் கணக்கை, திறக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தாலும், கல்வி நிறுவனம் பதிவேற்றாத கிரெடிட் அதில் ஏறாது, மாணவர் தானே ஏற்றவும் முடியாது. விடுபட்டிருந்தால் அன்றைக்கே தேர்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.