வாசகர் கேள்விகள்: தூத்துக்குடியும் ஆழமில்லாத கடலும்

கேள்வி: தூத்துக்குடியை எல்லோரும் முத்துநகர் என்கிறார்கள், ரயிலுக்குக்கூட அந்தப் பெயர்தான். அந்த ஊருக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது என்றால் அதைக் கொடுத்தது முத்துதானா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: பெயரைக் கொடுத்தது முத்துதான் அம்மா. ஆனால் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் நடந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. அதற்கு முன்னாலும் அது வருஷா வருஷம் நடந்ததில்லை. சிப்பி விளைந்தால்தான் சலாபம் என்கிற முத்துக்குளிப்புப் பருவம், விளையாவிட்டால் பல வருஷம் ஒன்றும் கிடையாது. அதை நம்பி ஒரு ஊர் தினமும் உலை வைக்க முடியாது.

என்னைக் கேட்டால் தூத்துக்குடியை உண்டாக்கியது ஆழமில்லாத கடல்தான். கரையோரம் தண்ணீர் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டு நிற்கும். அதனால் கரிசல் காட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்த பருத்தியைப் பொதியாக அழுத்தி, கிட்டங்கியில் (சரக்குக் கிடங்கில்) அடுக்கி, அங்கிருந்து முதுகில் சுமந்து தோணியில் ஏற்றி, தோணி கப்பலருகே போனதும் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ஆழமான துறைமுகமாக இருந்தால் இதில் பாதி வேலை இருந்திருக்காது. ஒரே சரக்கை இத்தனை பேர் தொட வேண்டியிருந்ததால்தான் தோணி ஓட்டும் தண்டல், தோணி கட்டும் ஆசாரி, பாய் தைப்பவர், சுமை தூக்குபவர், கணக்குப்பிள்ளை, இவர்களுக்குச் சோறு போடும் கடைக்காரர் என்று பல சாதி, பல மதத்துக்காரர்கள் ஒரே கடற்கரையில் வந்து சேர்ந்தார்கள். கிரேட் காட்டன் ரோடு என்ற பெயர் இன்றும் ஊர்க்காரர் வாயில் இருக்கிறது, அது அந்தப் பருத்தியின் மிச்சம்.

1876-இல் ரயில் வந்தது, 1888-இல் கோரல் மில் என்ற நூற்பாலை வந்தது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும், 1908-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கியதும் இந்த ஊரில் நடந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சரக்கு யார் உழைப்பில் ஏறுகிறது, லாபம் எந்தக் கப்பலில் போகிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்த்த ஜனம் அது.

கேள்வி: பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கை போன மாதிரி தூத்துக்குடியும் ஒருநாள் போய்விடுமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கொற்கையை மூடியது தாமிரபரணி கொண்டுவந்த வண்டல். ஆறு மண்ணைக் கொட்டக் கொட்டக் கடல் விலகியது, வியாபாரம் பழைய காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது, அதற்கும் அதே கதி. இன்று கொற்கையில் நின்றால் சுற்றிலும் வயலும் வாழையும்தான், கடல் பல கிலோமீட்டர் அந்தப் பக்கம். தூத்துக்குடி ஆற்று முகத்துவாரத்திலிருந்து வடக்கே தள்ளி இருப்பதால் அந்த வண்டல் இதைத் தொடவில்லை. ஆனால் நல்ல தண்ணீரும் ஆற்றோடு அங்கேயே நின்றுவிட்டது. பிறகு நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து அதே தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். அவரை இந்த ஊர் இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

இந்தக் காலத்தில் ஒரு துறைமுகம் படுப்பதற்கு வண்டல் வேண்டியதில்லை, வேறொரு இடத்தில் ஒரு பாலம் கட்டினாலே போதும். சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ஒரு காலத்தில் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்த வழி தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. அந்தத் தனுஷ்கோடி 1964 புயலில் அழிந்தது. தூத்துக்குடி தப்பித்ததற்குக் காரணம் அது பயணிகளை மட்டும் நம்பி இல்லை, உப்பும் பருத்தியும் கையில் இருந்தன.

கேள்வி: மக்ரூன் அங்கே எப்படி வந்தது? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: போர்ச்சுக்கீசியர் வழியாக என்றுதான் ஊரில் சொல்வார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சேர்மானம். அந்த முந்திரியே அவர்கள் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம். 1530-களில் முத்துக்குளிக்கும் பரதவர்கள் தங்கள் எதிரிகளிடமிருந்து பாதுகாப்புத் தேடி போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்து கத்தோலிக்கராக மதம் மாறினார்கள். பர்னாந்து, மச்சாது, ரோட்ரிகோ என்ற குடும்பப் பெயர்கள் அப்படி வந்தவை. 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தும், பரதவர்கள் கும்பிடும் பனிமய மாதா போகவில்லை.

கேள்வி: பெரிய துறைமுகம் இருந்தும் எங்கள் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போகிறார்களே, ஏன் சார்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் கேள்வி என்னையும் ரொம்ப நாளாக உறுத்துகிறது ஐயா. நாலு கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் போட்டு ஆழமான துறைமுகம் கட்டினார்கள், 1974-இல் அது பெருந்துறைமுகம் ஆனது. இனி கப்பல் நேராகத் தளத்தில் வந்து நிற்கும். நாட்டுக்கு அது தேவைதான். ஆனால் நூறு பேர் தொட்ட சரக்கைக் கிரேனும் கன்டெய்னரும் தூக்க ஆரம்பித்தன, துறைமுகம் மதிலுக்குப் பின்னால் போனது. அப்புறம் ஆழம் இருந்ததால் நிலக்கரி வந்தது, நிலக்கரியோடு 1979-இல் அனல்மின் நிலையம் வந்தது, தாது வந்தது, தாமிர உருக்காலை வந்தது. மின்சாரமும் தாமிரமும் எங்கெங்கோ போக, புகையும் சாம்பலும் ஊரிலேயே தங்கின. காற்றும் நிலத்தடி நீரும் கெடுகிறது என்று மக்கள் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அந்த உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். துறைமுகம் எத்தனை டன் ஏற்றுமதி செய்தது என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கு அவர்கள் முகம்தான் நினைவு வருகிறது. 2025-இல் மின்சாரக் கார் ஆலையும் திறந்திருக்கிறார்கள். நல்லது, வரட்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, தண்ணீர் எங்கிருந்து என்ற இரண்டு கேள்வியையும் முதல் நாளிலிருந்தே நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு நாள் வந்தால் எதைப் பார்ப்பது? (வாசகர், கோவை)

பதில்: விடிகாலையில் பீச் ரோட்டுக்கு வாருங்கள், பழைய துறைமுகம் அங்கேதான். மாலத்தீவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, கட்டுமானப் பொருள் என்று ஏற்றுகிற தோணிகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே போக அனுமதி வேண்டும், வெளியில் நின்றே பாருங்கள். வெயில் ஏறியதும் உப்பளம் பக்கம் போய், பாத்தியில் இறங்கி வேலை செய்கிற பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, போகும்போது மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள்.